வடசென்னையில் வீடும் விலக்கும்

குடியாலோ மனநோயாலோ வன்முறையாலோ குடும்பத்தை நிலைகுலையச் செய்யும் வளர்ந்த மகனை வீட்டைவிட்டு வெளியேற்றுவது, ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கரையோரத்தில் அண்மையில் தோன்றிய வழக்கமன்று. சட்டமும் நீதிமன்றமும் இதில் தலையிடுவதற்கு நெடுங்காலம் முன்பே, கண்டித்தும் விலக்கியும் மறைவாகச் சோறிட்டும் குடும்பங்கள் இதனைத் தாமே நடத்திவந்தன. விலக்கப்பட்டவன் தங்குவதற்கு வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஓர் இடம் இருந்தவரை விலக்கம் உறவை முறிக்கவில்லை என்பதும், அவ்விடம் அருகிய பிறகே பெற்றோர் அரசு அலுவலகத்தின் படியேற நேர்ந்தது என்பதும் இவ்வழக்கத்தின் வரலாற்றை நோக்குவார்க்குப் புலப்படும்.

நன்கறியப்பட்ட பழஞ்சான்று, 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளின் இளமையில் உள்ளது. தந்தை மறைந்தபின் சென்னை ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் வாழ்ந்த அக்குடும்பத்தை, புராணச் சொற்பொழிவால் பொருளீட்டிய தமையனார் சபாபதி பிள்ளை தாங்கிவந்தார். பாடத்தில் மனம் செலுத்தாமல் கந்தகோட்டத்தில் பொழுது கழித்த தம்பி திருந்தும்வரை அவருக்கு வீட்டில் உணவும் உடையும் இல்லை என்று தமையனார் கட்டளையிட்டார் என்றும், அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவர் அறியாமல் பின்வாசல் வழியே சோறிட்டார் என்றும், திதி நாளொன்றில் அவர் கண்ணீர் விட்டு வேண்டியதால் படிக்க ஒப்பி அடிகள் வீடு திரும்பினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். பின்னாளில் திருவொற்றியூர்க் கோயிலிலிருந்து இரவு தாமதித்து வந்து, கதவு தாழிட்டிருக்கக் கண்டு பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு வடிவுடையம்மனே உணவு கொணர்ந்தாள் என்பது அன்பர் மரபு. விலக்கப்பட்டவர் வளர்ந்த மகனல்லர், சிறுவரே. ஆயினும் மூத்தவரின் கண்டிப்பு, அதை மீறாமல் மீறும் பெண்ணின் இரக்கம், உறங்க ஒரு திண்ணை, திரும்பிவர ஒரு நிபந்தனை என இவ்வழக்கத்தின் உறுப்புகள் யாவும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

மீனவக் குப்பங்களில் மணமான மகன் தனி அடுப்பு மூட்டித் தனிக்குடித்தனம் போவது இயல்பாகையால், தந்தையோடு ஒத்துப்போகாதவன் விலகுவது ஊரார் கண்ணை உறுத்தவில்லை. பிடித்த மீனின் வருவாயைப் படகும் வலையும் உடையவருக்கும் உடன் கடலேறியவர்களுக்குமாகப் பகிரும் பங்கு முறையில், அவன் வேறொருவர் கட்டுமரத்தில் ஏறியும் பிழைக்க முடிந்தது. திருவொற்றியூரின் தீப்பெட்டித் தொழிற்சாலை, 1948இல் தொடங்கிய எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், 1955இல் வந்த என்ஃபீல்டு ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளிலும், கூலி கிடைத்த மகனுக்கு வாடகை அறை எட்டாக்கனியாக இருக்கவில்லை.

இந்நிலை மெல்ல மாறியது. 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகளிலும் எழுப்பிய அடுக்குமாடிகள் ஏழைகளுக்கு உறுதியான கூரையைத் தந்தன. ஆனால் ஓர் அறையும் சமையல் மூலையுமாக அமைந்த அவ்வீடுகளில் திண்ணைக்கு இடமில்லை. 1948 முதல் மாகாணம் முழுவதும் நிலவிய மதுவிலக்கு 1971இல் விலக்கப்பட்டு, மீண்டும் வந்தும் போயும், 2003இல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. குடித்துவிட்டு நள்ளிரவில் வரும் மகன் விழும் பாயும் முதிய தாய் படுத்திருக்கும் பாயும் ஒரே சுவரோரம் விரிந்திருக்கையில், அடிக்க ஓங்கும் கைக்கும் அவளுக்கும் நடுவே தாழிட ஒரு கதவுகூட இல்லை. மகனைத் தலைமுழுகிவிட்டதாக, அதாவது உறவை அறுத்துவிட்டதாக, பெற்றோர் வழக்கறிஞர் மூலம் நாளிதழில் தரும் பொது அறிவிப்பு அவன் கடனுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று ஊருக்கு உணர்த்துமேயன்றி, அவனை வீட்டைவிட்டு வெளியேற்றும் ஆற்றல் அதற்கில்லை.

அந்த ஆற்றலுக்கு வழிதிறந்தது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமாகும். இதன்படி பிள்ளைகளால் துன்புறும் பெற்றோர், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வெளியேற்றம் என்ற சொல் சட்டத்தில் வெளிப்படையாக இல்லாவிடினும் நீதிமன்றங்கள் அதன் நோக்கத்திலிருந்து அவ்வதிகாரத்தை வருவித்தன. பெற்றோர் தாமே ஈட்டிய வீட்டில் மகன் வாழ்வது அவர்களின் விருப்பத்தாலேயன்றி உரிமையால் அன்று என 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. தேவைப்படின் தீர்ப்பாயம் வெளியேற்றலாம், ஆனால் மருமகளின் குடியிருப்பு உரிமையை அதனால் பறிக்கலாகாது என 2020இல் உச்ச நீதிமன்றம் வரம்பிட்டது.

தாயின் உயிரைக் காக்கத் தீர்ப்பாயத்தின் வெளியேற்ற ஆணை இன்றியமையாதது. அதைக் கோரும் பெற்றோரைக் கல்நெஞ்சர் என்பது பெரும் அநீதி. எனினும் வெளியேறியவன் எங்கே உறங்குவான், யார் அவனுக்கு மருந்து தருவார் என்பதை அவ்வாணை சொல்வதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தங்கல் இல்லங்களை அமைக்கும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. முற்காலத்தில் திண்ணையும் அண்ணியின் சோறும் கட்டுமரப் பங்கும் செய்த பணியை இன்று செய்யவேண்டியவை அவ்வில்லங்களே. தொழிலாளர் குடும்பங்கள் நடந்து சென்று பிள்ளையைப் பார்த்துவரும் தொலைவில், தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், குடிநோய்க்கான சிகிச்சையோடு அவை அமைந்தாலன்றி, பெற்றோர் பெறும் பாதுகாப்பு பிள்ளையை நடுத்தெருவில் விடுவதாகவே முடியும்.