சேலத்தில் அடைத்த கடைகள்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவிலிருந்த கள்ளு, சாராயக் கடைகள் சட்டத்தின் ஆக்ஞைப்படி ஒருசேர மூடப்பட்டன. அவ்வருஷம் ஜூலையில் சென்னை ராஜதானியின் மந்திரிசபைத் தலைவராகப் பதவியேற்ற ராஜாஜி அந்த ஜில்லாவைத் தேர்ந்ததில் ஆச்சரியமில்லை. திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் அவர் நிறுவிய காந்தி ஆசிரமமும், மதுவிலக்குக்கென்றே 1929-இல் அங்கிருந்து புறப்பட்டு, கல்கி உதவியாசிரியராயிருந்து உழைத்த 'விமோசனம்' என்னும் மாதப் பத்திரிகையும் குடியின் கேட்டை அவ்வட்டாரத்து ஜனங்களுக்கு ஏற்கெனவே எடுத்துச் சொல்லியிருந்தன. அதற்கும் முன்பே, ஒத்துழையாமை இயக்க காலத்தில், கள்ளிறக்க உதவலாகாதென்று ஈ. வெ. ராமசாமி தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர்.

மரத்தை வெட்டாமலும் கள்ளை நிறுத்தலாம் என்பது மரமேறிகளுக்குத் தெரியாததல்ல. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். தடவாது விட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பில் அடங்கிய இந்த வித்தியாசத்தை நம்பித்தான், பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவோருக்குச் சர்க்கார் லைசென்ஸ் அளித்தது; சுண்ணாம்பு இருக்கிறதா என்று கலயந்தோறும் எட்டிப் பார்ப்பதும் அதிகாரிகளின் உத்தியோகமாயிற்று.

மனிதனுடைய விஷயம் அத்தனை சுலபமன்று. பகலெல்லாம் உழைத்து உடம்பு நொந்தவனுக்குக் கடைக்குப் போகும் அந்த அந்திவேளைதான் கண்டம்; அந்நேரத்தில் கால் தானாகவே பழகிய வழியில் திரும்பும். இதை உணர்ந்ததாலேயே, ஜில்லா கலெக்டர் டிக்ஸன் போலீஸை மட்டும் நம்பியிராமல், கிராமங்களில் விளையாட்டு, பஜனை, தேநீர்க்கடை என்று அந்த வேளையை நிரப்ப ஏற்பாடுகள் செய்வித்தார். கையில் மிஞ்சிய காசு சோற்றுக்கும் துணிக்கும் போன குடும்பங்கள் உண்டு. திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்களும் இல்லாமலில்லை.

குடிகாரனைக்காட்டிலும் விடமாட்டாமல் தவித்தது கஜானாவே என்பது என் அபிப்பிராயம். கடைக் குத்தகை ஏலத்தில் வந்துகொண்டிருந்த அப்காரி என்னும் மதுத்தீர்வை வருமானத்துக்கு ஈடாக, இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொது விற்பனை வரியொன்றை 1939-இல் சென்னை ராஜதானி விதித்தது. அவ்வருஷமே மந்திரிசபை ராஜிநாமாச் செய்ய, பின்னர் யுத்தகாலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, அது ராஜதானி முழுவதற்கும் பரவிற்று. 1971-இல் மறுபடியும் தளர்ந்தது. மதுவிலக்கு இப்படி வருவதும் போவதுமாயிருக்க, அதற்கு ஈடாக வந்த விற்பனை வரியோ, கடைகள் திறந்த பிறகும் எடுக்கப்படவில்லை.