மயிலைக் கிறித்தவ மரபில் மன்னிப்பு

நம்பியவர் செய்த தீங்கை விசுவாசத்தின் துணையோடு மன்னிப்பது குறித்து, சாந்தோம், மயிலாப்பூர் வட்டாரத் திருச்சபைகளில் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டாக ஒரு போதனையும் நடைமுறையும் வழங்கி வருகின்றன. மன்னிப்பது என்றால் நடந்ததை மூடிவிட்டுப் பழையபடி பழகுவது என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். இம்மரபின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மன்னிப்பு, காயம்பட்டவர் மனமுவந்து தருவது. உண்மையை ஒப்புக்கொள்வதும் இழப்பை ஈடுகட்டுவதும் தீங்கு செய்தவரின் கடன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

1580இல் கொச்சியில் அச்சான சேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் தமிழ்ப் பாவசங்கீர்த்தன (குருவிடம் பாவ அறிக்கை) நூல் இந்த வேறுபாட்டுக்குப் பழைய சான்றுகளில் ஒன்று. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை என மறைக்கல்வியான ஞானோபதேசம் ஐந்து காரியங்களைச் சொல்லும்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுவது, குருவிடம் சொல்வது, அவர் கட்டளையிடும் அபராதத்தைத் தீர்ப்பது. திருடியவர் பொருளைத் திருப்பித் தர வேண்டும். அவதூறு பேசியவர் கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும். பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அப்பாலிருந்து குரு வழங்கும் பாவமன்னிப்பு இந்தக் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

நம்பிக்கைத் துரோகத்துக்கு இவ்வட்டாரத்தின் மிகத் துலக்கமான வழக்கு எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியுடையது. 1642இல் புனித ஜார்ஜ் கோட்டையில் பணி தொடங்கிய அவர்மீது, பதுரவாதோ (போர்ச்சுக்கல் மன்னரின் திருச்சபைப் புரவல) உரிமை கொண்டாடிய சாந்தோம் போர்ச்சுக்கீசியருக்குக் கசப்பு இருந்தது. அங்கே மூண்ட ஒரு சச்சரவைத் தீர்த்துவைக்க 1649இல் சென்றவரை அவர்கள் பிடித்துக் கப்பலேற்றி, கோவாவின் சமய விசாரணை மன்றத்திடம் ஒப்படைத்ததாகப் பயணி தவெர்னியே எழுதுகிறார். பிடித்தவர்கள் வேற்று மதத்தாரல்ல, அதே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். காயத்தின் ஆழம் அதில்தான் இருக்கிறது. அவரை விடுவிக்கக் கோல்கொண்டா அரசின் நெருக்குதல் தேவைப்பட்டது. வெளியே வந்தவர் ஊரைவிட்டுப் போகவில்லை. சென்னைக்கே திரும்பி, முதுமைவரை கோட்டையில் பணிசெய்தார். கசப்பு அவர் ஊழியத்தை முடக்கவில்லை. சாந்தோம், சென்னைத் திருச்சபை அதிகாரங்களுக்கு இடையிலான பிணக்கு மட்டும் தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது. சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டமானது 1952இல்தான். தனிமனிதர் நெஞ்சில் வன்மம் ஆறும் காலமும், நிறுவனங்கள் சீர்ப்படும் காலமும் ஒன்றல்ல.

ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தைக் காட்டி, மன்னிப்பும் ஈடுகட்டலும் வெவ்வேறு என்பதை மறுப்பவர்கள் உண்டு. அதே அதிகாரம், அந்த வசனத்துக்குச் சற்று முன்பே, குற்றம் செய்த சகோதரனிடம் அதைத் தனியே எடுத்துச் சொல், கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு அறிவி என்று படிப்படியாக வழி வகுக்கிறது. இந்தப் படிகளை விட்டுவிட்டு முடிவை மட்டும் கேட்பது, அடிபட்டவர் தலையில் இரண்டாவது சுமையை ஏற்றுவதாகும். நீதியை நாடுபவர் மன்னிக்காதவர் என்ற வாதமும் நிற்காது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும். பெற்றோரின் மன்னிப்பு அந்தக் கடமையை நீக்காது. திருச்சபைக்குள்ளும், பாலியல் முறைகேட்டை அறியவரும் குருக்களும் துறவியரும் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதித்தார்.

காயப்படுத்தியது திருச்சபையே என்றால் என்ன செய்வது? தனி இருக்கை, தனிக் கல்லறை என்று தலித் கிறித்தவர்கள் பட்ட அவமானம் அத்தகையது. தாய்வீடு என்று நம்பி வந்த இடத்தில் பட்டது அது. 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபையில் இருக்கலாகாது என்று கண்டித்தார். 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, பாகுபாடு உள்ளேயே இருப்பதை ஒப்புக்கொண்டது. ஞானோபதேசத்தின் ஐந்தில் குற்றத்தைச் சொல்லும் காரியம் இதனால் நிறைவேறியது; அபராதம் தீர்ப்பது, கல்லறைச் சுவர் இன்னும் நிற்கும் ஊர்களில் பாக்கியாகவே இருக்கிறது.