ஏணிக் கணக்கு

இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டைத் தொடங்கினால், மூன்றாவது ஆசாமி ஒருவர் வந்து நின்று, “உங்களில் யார் கெட்டிக்காரர்?” என்று கேட்காமல் போக மாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏற்பட்டதுதான் ஏணி. சுவரில் சாத்தும் ஏணி அல்ல. ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஓர் எண்ணைப் போட்டு வைக்கிறார்களே, அந்த ஏணியைச் சொல்கிறேன். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகைக்குள் அடக்கிய சதுரங்கத்தில்தான் இந்த எண் ஏணி பேர் பெற்றது. அதன் சரித்திரம் அரசர்களின் சரித்திரத்துக்குச் சளைத்ததல்ல. ஆசை, அச்சம், சூழ்ச்சி எல்லாம் அதில் உண்டு.

அமெரிக்கச் சதுரங்க சம்மேளனம் 1939-ல் தோன்றியது. 1950-ல் கென்னத் ஹார்க்னஸ் என்பவர் அதற்கு ஒரு கணக்கு முறையை வகுத்தார். ஒரு பந்தயத்தில் நீங்கள் சந்தித்த எதிரிகளின் எண்களுக்குச் சராசரி காண வேண்டியது. பாதிக்குப் பாதி வென்றால் அந்தச் சராசரியே உங்கள் மதிப்பு. பாதிக்கு மேல் ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் 10 கூட்டல்; பாதிக்குக் கீழே ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் 10 கழித்தல். சுலபமான கணக்குத்தான். ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருந்தது. 1500 எண்ணுள்ள ஒருவர், சராசரி 2100 உள்ள கூட்டத்தில் புகுந்து எல்லா ஆட்டத்திலும் தோற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2100-ல் 500 போனால் மீதி 1600. தோற்றே ஏணியில் ஏறிவிடலாம்!

இதைச் சீர்செய்ய வந்தவர் அர்பாத் எலோ. 1903-ல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவனாக 1913-ல் அமெரிக்கா சேர்ந்தவர். மில்வாக்கி நகரத்தில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். விஸ்கான்சின் மாநிலப் போட்டியில் எட்டு முறை முதல்வராக வந்தவர். ஆகவே தோல்வியின் கசப்பும் வெற்றியின் போதையும் அவருக்குத் தெரியாதவை அல்ல. அவர் வகுத்த முறையை அமெரிக்க சம்மேளனம் 1960-லும், சர்வதேச சம்மேளனம் 1970-லும் ஏற்றுக்கொண்டன.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எளிதாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் எண் சமமானால் வாய்ப்பும் சமம். ஒருவருக்கு 200 அதிகம் என்றால், அவர் நூற்றில் ஏறக்குறைய 76 பங்கு புள்ளிகளைப் பெறுவார் என்பது எதிர்பார்ப்பு. ஆட்டத்துக்கு முன் இருவரும் ஓர் உண்டியலில் மொத்தம் 20 காசு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலியவர் 15 போட வேண்டும். எளியவர் 5 போட்டால் போதும். வென்றவர் உண்டியலை எடுத்துக்கொள்கிறார். வலியவர் ஜெயித்தால் அவருக்கு லாபம் வெறும் 5. எளியவர் ஜெயித்துவிட்டாலோ 15 லாபம்! இவ்வளவுதான் எலோவின் ரகசியம்.

நியாயமான இந்த ஏற்பாடு சதுரங்கத்தோடு நின்றுவிடவில்லை. கெட்டிஸ்பர்க், வாட்டர்லூ முதலிய யுத்தங்களை அட்டைப் பலகையில் கொண்டுவந்த அவலான் ஹில் என்ற பால்டிமோர் கம்பெனி, தன் போர் விளையாட்டுக்காரர்களுக்காக 1970-களில் எலோவின் வழியிலேயே ஓர் ஏணியை அமைத்தது. தபாலிலேயே படை நகர்த்தி, முகம் தெரியாத எதிரியோடு மாதக்கணக்கில் யுத்தம் செய்தவர்களுக்கெல்லாம் ஓர் எண் கிடைத்தது.

எண் கிடைத்தவுடன் மனிதனுக்கு என்ன ஆகிறது? எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு கேரம் பலகை இருந்தது. காரியதரிசி, ஆடுகிறவர்களின் பெயர்களைச் சிலேட்டில் வரிசையாக எழுதி வைப்பார். முதலிடத்துக்கு வரும் வரையில் தினமும் மாலை ஐந்து மணிக்கே ஆஜரான ஒருவர், முதலிடத்துக்கு வந்த மறுநாளிலிருந்து தலைவலிக்காரர் ஆகிவிட்டார். ஆடினால்தானே இறங்க வேண்டும்? உண்டியலில் 15 காசு போட வேண்டியவருக்கு வரும் தலைவலி அது.

1972-ல் உலகப் பட்டத்தை வென்ற பாபி ஃபிஷர், 1975-ல் அதைக் காக்க ஆட வரவில்லை. எண்ணுக்குப் பயந்து ஒதுங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய நிபந்தனைகள் வேறு. ஆயினும் அவர் எட்டிய 2785 என்ற எண், ஆளில்லாத சிம்மாசனம் போல நெடுங்காலம் நின்றது. 1990-ல் காஸ்பரோவ் 2800-ஐத் தொடும் வரையில் அதன் நிழலில்தான் மற்றவர்கள் ஆடினார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தாயைக் கொன்ற குற்றத்துக்காக வர்ஜீனியாச் சிறையில் இருந்த கிளாட் பிளட்குட், ஓயாமல் ஆடியே ஏறினார். எதிரிகள் யார்? சக கைதிகள். புதிய கைதி வருவார், அவருக்கும் ஓர் எண் பிறக்கும், பிளட்குட்டிடம் தோற்பார், அவருடைய காசு இவருடைய மடிக்கு வந்து சேரும். 1996-ல் பிளட்குட்டின் எண் 2759. அமெரிக்கா முழுவதிலும் இரண்டாவது இடம்! திட்டமிட்டுச் செய்தார் என்றார்கள் சிலர், அவர் மறுத்தார். எப்படியானாலும் கணக்கில் பிழை இல்லை. மதில் சுவருக்குள்ளேயே சுற்றும் காசுக்கு வெளியில் என்ன மதிப்பு என்பதைக் கணக்கு அறியாது, அவ்வளவுதான்.

ஆகவே ஏணியை நடத்துகிறவரின் வேலை கூட்டிக் கழிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. உச்சியில் இருப்பவரை ஆட்டத்துக்கு இழுத்து வர வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் வெளியூர்க்காரரைக் கொண்டு வந்து விட வேண்டும். தோற்றவன் மனம் ஒடிந்து வீட்டோடு இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் ஆட வராத ஏணி வெறும் மரச்சட்டம்தான்.

எலோ இதை அறிந்திருந்தார். நீரில் மிதக்கும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய கோலால் அளப்பதற்குத் தம் முறையை ஒப்பிட்டவர் அவரேதான். தாம் செய்த தராசைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசிய வியாபாரியை நான் கண்டதில்லை. 1992-ல் அவர் காலமானார்.

2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் தமது 18-வது வயதில் உலகப் பட்டம் வென்றபோது நாமெல்லாம் பூரித்துப் போனோம். அன்றைக்கு ஏணியின் உச்சியில் இருந்தவர் அவரல்ல, நார்வே நாட்டுக் கார்ல்சன். ஆனால் கார்ல்சன் 2023-லேயே பட்டப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டிருந்தார். குகேஷோ பலகைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, பதினாலு ஆட்டம் ஆடி ஜெயித்தார். இன்று பந்தயக் கூடங்களின் வாசலில், “உன் எண் என்ன?” என்று குழந்தைகளை விசாரிக்கும் பெற்றோர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். “இன்றைக்கு யாரோடு ஆடினாய்?” என்று கேட்டால் குழந்தைக்குச் சொல்ல நிறைய இருக்கும்.