பேரா தோட்டப்புறங்களின் வட்டார வரலாறு: ஆவணமும் நினைவும்

முன்னுரை

ஓர் ஊரின் அல்லது ஒரு பள்ளத்தாக்கின் வாழ்வை அதன் அளவிலேயே நின்று ஆராய்வது வட்டார வரலாறு ஆகும். இங்கிலாந்தில் இத்துறை ஆழ வேரூன்றியுள்ளது. அந்நாட்டின் மாவட்டங்கள்தோறும் ஊர் வரலாற்றைத் தொகுக்கும் விக்டோரியா மாவட்ட வரலாற்றுத் திட்டம் 1899-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1948-இல் வட்டார வரலாற்றுக்கெனத் தனித்துறை அமைந்தது. 1956-இல் ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ், சஃபோக் மாவட்டத்துப் பிளாக்ஸால் என்னும் சிற்றூரில் வாழ்ந்த முதிய பண்ணைத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றை நூலாக வெளியிட்டார். இயந்திரங்கள் வருவதற்கு முன்பிருந்த வேளாண் வாழ்வை நேரில் அறிந்த கடைசித் தலைமுறை அவர்களே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மலேசியத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் நாடு தழுவிய நோக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. புலப்பெயர்வு, தொழிற்சங்கம், அரசியல், கல்வி ஆகியவை குறித்துப் பயனுள்ள ஆய்வுகள் உள்ளன. எனினும் ஒரு தோட்டத்தை அலகாகக் கொண்டு அமைந்த ஆய்வுகள் குறைவு. பேரா மாநிலத்து முன்னாள் இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுத அலுவலக ஆவணமும் தொழிலாளர் நினைவும் ஒருசேரத் தேவை என்பதையும், அவற்றுள் இரண்டாவதற்குக் காலம் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

இரப்பரும் பேராவும்

1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராவில் பிரிட்டிஷ் ஆட்சியாளர் முறை நிலைபெற்றது. மூன்றாண்டுகள் கழித்து, 1877-இல், பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றைப் பேணி வளர்த்தவர் அப்போதைய ஆட்சியாளர் ஹியூ லோ. கிந்தாப் பள்ளத்தாக்கில் அன்று ஈயமே முதன்மை பெற்றிருந்தது. ஈப்போ வளர்ந்ததும் அதனாலேயே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகி இரப்பர் விலை ஏறியதும், சுங்கை சிப்புட், பத்து காஜா, கீழ்ப்பேரா ஆகிய வட்டாரங்களில் காடழித்துத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன.

இத்தோட்டங்களுக்குத் தேவையான ஆட்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற புலப்பெயர்வைத் தடைசெய்யும்வரை அது நீடித்தது. ஒரே ஊரையும் உறவையும் சேர்ந்தோர் ஒரே தோட்டத்தில் திரண்டமைக்குக் கங்காணி முறையே காரணம். ஒவ்வொரு தோட்டத்திற்கும் தனித்த வரலாறு உண்டு என்று கூறுவதற்கு இதுவே முதற்காரணமும் ஆகும்.

ஆவணங்கள் காட்டுவதும் காட்டாததும்

தோட்ட வரலாற்றுக்கு எழுத்துச் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகள், 1920-களிலிருந்து மலாயாவில் பணியாற்றிய இந்திய அரசின் முகவர்தம் அறிக்கைகள், சீனிவாச சாஸ்திரி மலாயாவைப் பார்வையிட்டு 1937-இல் அளித்த அறிக்கை, நிறுவனங்களின் கணக்கேடுகள் எனப் பலவும் உள்ளன. நிறுவனப் பதிவேடுகளில் ஒரு பகுதி இலண்டன் ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகிறது.

இவை அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தவை. நிருவாகத்தின் தேவைக்காக எழுதப்பட்டவை. ஏக்கர், விளைச்சல், இறப்பு விகிதம், ஆள்கணக்கு ஆகியவற்றை அவை துல்லியமாகத் தருகின்றன. 1920-களின் பிற்பகுதியில் சில முக்கியப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுக்கப்பட்டதை இவற்றின்வழி அறிகிறோம். ஆனால் அந்த 40 காசுக்காக ஒரு பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள், கைக்குழந்தையை எங்கே விட்டுச் சென்றாள், மழை பெய்து பால் கெட்ட நாளில் அவளுக்குப் ‘பேர்’ விழுந்ததா என்பவற்றை அவ்வறிக்கைகளில் காண இயலாது. அவற்றுக்கு விடை கூறக்கூடியவர்கள் அந்த வேலையைச் செய்தவர்களே.

பெயர்களில் உறையும் வரலாறு

தோட்டப் பெயர்களே ஒரு சான்றுத் தொகுதி எனலாம். பத்து காஜாவிற்கு அருகிலுள்ள கிந்தா கெல்லஸ் தோட்டத்தின் பெயரில் கிந்தா ஆறும், ஸ்காட்லாந்தில் அதன் உரிமையாளர் வில்லியம் கெல்லி ஸ்மித் பிறந்த கெல்லஸ் என்னும் ஊரும் இணைந்துள்ளன. சுங்கை சிப்புட் வட்டாரத்து டோவன்பி தோட்டத்தின் பெயர், இங்கிலாந்தின் கம்பர்லாந்து மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயராகவும் இருக்கிறது. துரைமார் தம் நாட்டுப்புறத்தின் பெயர்களைப் பேராவின் செம்மண்ணில் ஊன்றினர்.

தொழிலாளரும் தமக்கென ஒரு சொல்லுலகைப் படைத்துக்கொண்டனர். மலாய்ச் சொல்லிலிருந்து ‘கித்தா’ வந்தது. காலையில் ஆள்கணக்கு எடுப்பது ‘பெரட்டு’, எழுத்தர் ‘கிராணி’, மேற்பார்வையாளர் ‘தண்டல்’, பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் ‘ஆயாக்கொட்டாய்’, கோப்பையில் உறைந்து எஞ்சியது ‘ஒட்டுப்பால்’. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்த இச்சொற்கள் வேலைமுறையையும் அதிகார அடுக்கையும் ஒருங்கே பதிந்து வைத்துள்ளன. இவற்றைத் தொகுப்பது மொழியாய்வாளரின் பணி மட்டுமன்று, வரலாற்றாய்வாளரின் பணியுமாகும்.

கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை இன்று சுற்றுலாத் தலமாக விளங்குகிறது. அதனருகே தொழிலாளர் வழிபட்ட மாரியம்மன் கோயில் ஒன்று உள்ளது. அதன் கூரைச் சிற்பங்களுக்கிடையே மேனாட்டு உடையில் நிற்கும் உருவம் கெல்லி ஸ்மித்துடையது எனக் கூறப்படுகிறது. மாளிகை துரையின் வரலாற்றைச் சொல்கிறது. தொழிலாளர் தம் துரையை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தனர் என்பதைக் கோயிற் கூரை சொல்கிறது.

1948 ஜூன் 16: நிகழ்வும் நினைவும்

ஆவணமும் நினைவும் வேறுபடும்போது ஆய்வாளர் என் செய்வது? சுங்கை சிப்புட் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் ஆகிய இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18-இல் அவசரகாலம் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அவ்வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, மூன்று துரைகளும் ஒரே தோட்டத்தில் ஒரே வேளையில் சுடப்பட்டதாகவே இறுதிவரை கூறிவந்தார். தகவல் என்ற அளவில் இது பிழையானது. எழுத்துச் சான்றைக் கொண்டு திருத்தப்பட வேண்டியது. ஆனால் அவர் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி இரண்டு வாக்கியங்களே பேசுவார். அதன் பின்னர் வந்த முள்கம்பி வேலியைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசுவார். சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டமை, வாயிலில் உடல் சோதிக்கப்பட்டமை, காட்டுக்குள் இருந்தோர்க்குப் போய்ச் சேரும் என்ற ஐயத்தால் வேலைக்காட்டிற்குச் சோறு கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டமை, வெறும் வயிற்றோடு நண்பகல்வரை மரம் வெட்டியமை ஆகியவை அவர் நினைவில் நாள்முறை மாறாமல் இருந்தன.

நூல்களில் அவசரகாலம் துப்பாக்கிச் சூட்டில் தொடங்குகிறது. தொழிலாளிக்கு அது வேலியில் தொடங்கியது. நினைவை நாட்குறிப்பாகக் கொள்வது தவறு. எது யாருக்கு எவ்வளவு கனத்தது என்பதை அளக்கும் சான்றாக அதைக் கொள்ளலாம். தோட்டத்து முதியோர் காலத்தைக் குறிக்கும் முறையும் இதற்கு ஒத்ததே. ‘ஜப்பான்காரன் காலம்’, ‘சயாமுக்கு ஆள் பிடித்த காலம்’, ‘வேலி போட்ட காலம்’ என்றே அவர்கள் காலத்தைப் பகுப்பர். இப்பகுப்பினை ஆண்டுகளோடு பொருத்திக் கொள்வது நேர்காணல் செய்வோரின் முதற்கடமை.

நினைவு சிலவற்றை மறைக்கவும் செய்யும். லயங்களில் நிலவிய சாதி வேறுபாடு, கள்ளுக்கடையால் சிதைந்த குடும்பங்கள், கங்காணியின் கொடுமை ஆகியவற்றைப் பலர் பேச விரும்புவதில்லை. கடந்த காலத்தைப் பொற்காலமாகக் காட்டும் நாட்டமும் உண்டு. ஆதலின் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், இரண்டையும் ஆவணத்தோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் வேண்டும்.

தோட்டங்கள் கலைந்தமை

1950-களில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். வேலையோடு வீடு, பள்ளி, மருந்தகம், கோயில் அனைத்தும் ஒரே நிலத்தைச் சார்ந்திருந்தமையால், நிலம் கைமாறியபோது தொழிலாளி யாவற்றையும் ஒருசேர இழந்தார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது இந்தப் பின்னணியில்தான்.

துண்டாடலுக்குத் தப்பிய தோட்டங்களைப் பின்னர் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் மாற்றியமைத்தன. நான் பிறந்த தோட்டத்தில் 1980-களின் இறுதியில் பால்மரங்கள் சாய்க்கப்பட்டன. சில ஆண்டுகளில் லயங்களும் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போ புந்தோங்கிற்கும் சிதறின. பெரட்டுக் களம் இருந்த இடத்தை இன்று அடையாளம் காட்டக்கூடியோர் நால்வரோ ஐவரோதான்.

தமிழ்ப்பள்ளியின் பங்கு

தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியே. நகர்ப்புறக் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்த பள்ளிகள்கூடத் தோட்டப் பெயரை விடாது வைத்துள்ளன. பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள், தலைமையாசிரியரின் நாட்பதிவுகள், நிழற்படங்கள் ஆகியவை தோட்ட மக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அரிய ஆவணங்கள். கட்டடம் மாறும்போது இவை பழைய தாள்களாகக் கருதப்பட்டு அழியும் வாய்ப்பு மிகுதி.

இதனைத் தடுக்க ஆசிரியர்களால் இயலும். பதிவேடுகளைப் படியெடுத்துப் பாதுகாக்கலாம். காடு, ஓடை, கோயில், லயம் ஆகியவற்றுக்குத் தோட்ட மக்கள் வழங்கிய பெயர்களை வரைபடத்தில் குறிக்கலாம். முதியோரின் இசைவுடன் அவர்தம் பேச்சை அவர்கள் பேசும் தமிழிலேயே பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வைக்கலாம். இத்தகைய தொகுப்புகள் பல்கலைக்கழக நூலகங்களில் சேருமாயின் பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாகும்.

முடிவுரை

பேராவின் தோட்டப்புற வரலாறு இரு கைகளால் எழுதப்பட்டது. துரையின் கை தாளில் எழுதியது. அது பல காப்பகங்களில் பத்திரமாக இருக்கிறது. தொழிலாளியின் கை மரப்பட்டையில் எழுதியது. அம்மரங்கள் இன்று இல்லை. 1948-இல் பதினைந்து வயதினராக இருந்தோர் இப்போது தொண்ணூறைக் கடந்துவிட்டனர். துண்டாடலை நேரில் கண்டவர்களும் எண்பதை எட்டியுள்ளனர். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். முதியோரிடம் கேட்க வேண்டியதை இவ்வாண்டே கேட்டாக வேண்டும்.