பத்துக்குப் பத்து: ஒரு தடாக அளவின் வரலாறு

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய நல்லம்பள்ளியில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் புளி வணிகம் செய்து வருகிறார். வீட்டின் பின்புறத்தில் மாதுளையும் எலுமிச்சையும் கொய்யாவும் வைத்துச் சிறு தோட்டம் ஒன்றை உருவாக்கிய அவர், அதில் ஒரு தடாகம் வெட்ட எண்ணினார். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் அதன் கரையில் அமர்ந்து உளூச் செய்யவும் வேண்டும் என்பது அவருடைய ஆசை. “ஹஜ்ரத், எவ்வளவு பெரிதாக வெட்டட்டும்?” என்று தொலைபேசியில் வினவினார். நாற்பது ஆண்டுகளாக நாவில் ஊறிப்போன விடையைச் சிந்திக்காமலே கூறினோம்: “பத்துக்குப் பத்து.”

இரு வாரங்கள் கழித்து நேரில் சென்றபோது, கொத்தனார் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். பத்தடிக்குப் பத்தடி! பிழை நம்முடையதே. நாம் சொன்னது முழக்கணக்கு. அவர்கள் கேட்டுக்கொண்டது அடிக்கணக்கு. முழம் ஒன்றுக்கு ஒன்றரை அடி என்று கொண்டால் பத்து முழம் பதினைந்து அடியாகும். பரப்பு 225 சதுர அடி. கோடு போட்டிருந்ததோ 100 சதுர அடி. பாதிக்கும் குறைவு. கோட்டை அழிக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய நமக்கு, இந்தப் பத்து எங்கிருந்து வந்தது, எத்தனை நாடுகளைக் கடந்து நல்லம்பள்ளியின் ஒரு கொத்தனார் கயிற்றுக்கு வந்து சேர்ந்தது என்ற நினைவு விடாமல் தொடர்ந்தது. அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

தேங்கி நிற்கும் நீரில் அசுத்தம் விழுந்தால் அந்நீர் முழுவதும் கெட்டுவிடுமா என்பது ஃபிக்ஹு நூல்களின் தொடக்க வினாக்களுள் ஒன்று. சிறிய நீர் கெடும். பெரிய நீர், அதன் நிறமோ சுவையோ மணமோ மாறாத வரையில் கெடாது என்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. எது சிறிது, எது பெரிது என்பதில்தான் வேறுபாடு. இரண்டு ‘குல்லா’ அளவை எட்டிய நீரைப் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் உண்டு. அதனையே அளவுகோலாகக் கொண்ட ஷாஃபிஈ இமாம்கள், நீளம் அகலம் ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் உடைய தொட்டி போதும் என்றனர். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 லிட்டர். அதாவது ஒரு டீசல் பேரல் கொள்ளும் அளவு.

ஹனஃபீ இமாம்கள் கொள்ளளவைப் பார்க்கவில்லை. நீரின் முகத்தைப் பார்த்தனர். ஒரு கரையில் நீரைக் கலக்கினால் மறு கரையில் அசைவு தோன்றாதிருக்குமாயின் அது பெரிய நீர். சிற்றலை எட்டாத இடத்திற்கு அசுத்தமும் எட்டாது என்பது இதன் உட்பொருள். மிக நுட்பமான சோதனைதான். ஆனால் கலக்குபவர் யார், எவ்வளவு வேகத்தில், விரலாலா உடலாலா என்ற கேள்விகள் எழாமல் இருக்குமா? பயன்படுத்துபவரின் மன உறுதிக்கே இதனை விட்டுவிடுவதுதான் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடிப்படைக் கருத்து என்று கூறுவோரும் உண்டு. பாமர மக்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்கு ஓர் எண் தேவைப்பட்டது.

அந்த எண் பிறந்ததைப் பற்றி ஓர் அறிவிப்பு வழங்குகிறது. ஹிஜ்ரீ 189இல் (கி.பி. 805) மறைந்த இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களிடம் பெரிய தடாகத்தின் அளவைக் கேட்டபோது, “என்னுடைய இந்தப் பள்ளிவாசல் அளவு” என்ற பொருள்பட விடையளித்தார்களாம். அவர்கள் எழுந்து சென்றபின் மாணவர்கள் அளந்து பார்த்தனர். உட்புறம் எட்டுக்கு எட்டு முழம். சுவரையும் சேர்த்தால் பத்துக்குப் பத்து. சட்ட அறிஞர் பேணுதலுக்காகப் பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டனர். எட்டா பத்தா என்று மாணவர்கள் முழங்கையை நீட்டி அளந்த அந்தக் காட்சி நம் மனக்கண்ணை விட்டு அகல மறுக்கிறது.

இந்த அளவை நிலைநாட்டிய நூல்களுள் தலையாயது ‘ஹிதாயா’. அதன் ஆசிரியர் இமாம் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ 593இல் (கி.பி. 1197) மறைந்தவர்கள். மக்களுக்கு எளிமை கருதியே பத்துக்குப் பத்து முழம் என நிர்ணயிக்கப்பட்டது, ஃபத்வாவும் அதன்படியே என்று அவர்கள் எழுதுகிறார்கள். முழம் எது? துணி அளக்கும் முழம். ஆழம் எவ்வளவு? கையால் அள்ளும்போது தரை தெரியாதிருந்தால் போதும். வட்டமாக வெட்டினால் சுற்றளவு 36 முழம் வேண்டும் என்று பின்வந்தோர் கணக்கிட்டனர். கணக்குத் தெரிந்த வாசகர் சரிபார்த்துக்கொள்ளலாம்: 36 முழச் சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு 103 சதுர முழம். கணிதம் அறியாத மௌலவிகள் என்று நம்மை நகைப்போருக்கு இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

மர்கீனானீ அவர்கள் பிறந்தது மத்திய ஆசியாவின் ஃபர்கானாப் பள்ளத்தாக்கு. அதே ஃபர்கானாவின் அந்திஜானில் 1483இல் பிறந்தவர்தான் ளஹீருத்தீன் முஹம்மத் பாபர். ஹிதாயாவின் ஆசிரியர் தம் நாட்டு ரிஷ்தான் சிற்றூரைச் சேர்ந்தவர் என்று பாபர் தம் நினைவுக் குறிப்பில் பெருமையுடன் எழுதியிருக்கிறார். அவர் போர் வீரர் மட்டுமல்லர்; ஹனஃபீ ஃபிக்ஹைத் துருக்கிச் செய்யுளில் ‘முபய்யின்’ என்னும் நூலாக ஹிஜ்ரீ 928இல் (1521–22) இயற்றியவர்.

இந்தப் பாபர் ஹிஜ்ரீ 914இல் (1508–09), இன்றைய ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத் பகுதியில், ஆதீனாபூர்க் கோட்டைக்கு எதிரே ‘பாகே வஃபா’ என்னும் தோட்டத்தை அமைத்தார். அதன் தென்மேற்கு மூலையில் ஒரு தடாகம் உண்டென்றும், அதைச் சுற்றி ஆரஞ்சு மரங்களும் சில மாதுளைகளும் நிற்பதாகவும் எழுதுகிறார். தடாகத்தின் அளவு பத்துக்குப் பத்து! காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃபின் அருகில் ஓர் ஊற்றைக் கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டச் சொன்னபோதும் அவர் தந்த அளவு அதுவே.

பாபரின் நினைவுக் குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர் இதனை ஒரு சாதாரண அளவென்று கருதிக் கடந்துவிட வாய்ப்புண்டு. ‘தஹ் தர் தஹ்’ என்று பாரசீகத்தில் சொன்ன மாத்திரத்தில் மத்ரஸாவில் ஓதிய எவரும் நிமிர்ந்து உட்காருவார். அது ஹவுளின் அளவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களுக்காக ஹிதாயாவை ஆங்கிலத்தில் பெயர்த்த சார்லஸ் ஹாமில்டன், 1791இல் வெளியான தம் பதிப்பில் தூய்மை, தொழுகை ஆகிய பாடங்களை விட்டுவிட்டு ஸகாத்திலிருந்து தொடங்கினார். நிலவரியும் வழக்கும் வேண்டியோருக்குத் தடாகம் எதற்கு? அதனால் அந்தப் பத்து அவ்வழியே ஆங்கில வாசகரைச் சென்றடையவில்லை.

பத்து என்பது எவர் நாவிலும் எளிதில் வரும் முழு எண்தானே, இது தற்செயலாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் ஹிதாயா பிறந்த மண்ணில் பிறந்து, அந்த மத்ஹபின் சட்டத்தைச் செய்யுளாக்கிய ஒருவர், தொழுகை நேரம் தவறாது வந்துபோகும் தோட்டத்தில் இந்த அளவைத் தற்செயலாகத் தேர்ந்தார் என்பது நமக்குப் பொருந்தவில்லை. அதே தடாகக் கரைகளில் மது அருந்தியதையும் அவர் மறைக்காமல் எழுதினார் என்பதையும், 1527இல் கான்வா போருக்கு முன் அதனைக் கைவிட்டார் என்பதையும் இங்கே குறிப்பிடாவிட்டால் வரலாற்றுக்கு நாம் நேர்மை செய்தவராகோம்.

பாகே வஃபா அமைக்கப்படும் காட்சியை அக்பரின் ஓவியர்கள் 1590ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டினர். இன்று அது லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்கால்வாய், நடுவில் சதுரத் தொட்டி, ஓரத்தில் மாதுளை. பாபர் கை நீட்டி ஆணையிட, கட்டடக்காரர் வரைபடத்துடன் நிற்க, தோட்டக்காரர்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள். நல்லம்பள்ளியில் நாம் கண்டதும் அதே கயிறுதான்.

தமிழகத்திற்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு நிலைத்தது. உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபு. கடற்கரைப் பள்ளிகளிலும் பெரிய ஹவுள்கள் உண்டு. ஆனால் அங்கே அவற்றின் பெருமைக்குக் காரணம் தொழ வருவோரின் எண்ணிக்கை. உள்நாட்டிலோ சட்டமே ஓர் எல்லையை வரைந்து தந்தது. 1795இல் திருவல்லிக்கேணியில் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் அகன்ற தடாகத்தைக் கண்டோர் இந்த மரபின் விரிவை உணர்வர். நல்லம்பள்ளியை உள்ளடக்கிய பாராமகால் 1792 வரை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. பெங்களூரில் 1760இல் லால்பாகைத் தொடங்கியவர் ஹைதர் என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

பழைய கொத்தனார்கள் ஹவுளைச் செங்கற்பொடி, சுண்ணாம்பு, கடுக்காய் நீர், வெல்லம் கூட்டிப் பூசினர். கரையில் அமர ஒரு கல் இருக்கை. அதற்கும் தடாகத்திற்கும் இடையே கழிவுநீர் ஓட ஒரு சிறு வாய்க்கால். கையால் அள்ளிய நீர் முகத்தில் பட்டு வாய்க்காலில் விழும், ஹவுளுக்குத் திரும்பாது. நாம் சிறுவராயிருந்த காலத்தில் தொழுத பள்ளியின் ஹவுளில் கெண்டைக் குஞ்சுகள் விரலைக் கவ்வ வரும். இருபது ஆண்டுகளுக்கு முன் அதனை மண்ணிட்டு மூடி, வரிசையாகக் குழாய் வைத்தார்கள். குழந்தைகள் வழுக்கி விழுந்தனர், துப்புரவுக்கு ஆள் கிடைக்கவில்லை, இடமும் நெருக்கடி என்ற காரணங்களை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் ஒரு ‘முத்’, அதாவது இரு கைகளும் சேர்த்து அள்ளும் நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பதைப் பாடம் நடத்திவிட்டு வெளியே வந்து, திறந்த குழாயடியில் தலை துடைக்கும் வரை நீர் ஓடுவதைப் பார்க்கும்போது மனம் சுருங்குகிறது. ஹவுளில் கை அள்ளினால்தான் நீர் வரும். குழாயில் கை மூடினால்தான் நீர் நிற்கும்.

தோட்டத் தடாகம் வைப்போர் அஞ்சும் பல காரியங்களுக்கு ஃபிக்ஹில் விடை இருப்பதைக் கண்டு நம் மாணவர் வியந்தார். மீன் செத்து மிதந்தால்? நீரில் பிறந்து நீரில் வாழ்வது அதிலே இறந்தால் நீர் கெடாது என்கிறது ஹிதாயா. தவளையும் நண்டும் அவ்வாறே. ஓடும் இரத்தமற்ற கொசு, ஈ விழுந்தாலும் குற்றமில்லை. இலை உதிர்ந்து நிறம் சற்று மாறினால்? நீர்மைத் தன்மை போகாதவரை உளூக் கூடும். பாசி பிடித்தால்? தவிர்க்க இயலாதது என்பதால் ஷாஃபிஈ நூல்களும் அதனைப் பொறுத்துக்கொள்கின்றன. எலி விழுந்து செத்தால் மட்டும் சிறிய தொட்டி கெடும். பெரிய ஹவுள், நிறமோ சுவையோ மணமோ மாறாவிடில் தப்பும். கொசுப் புழுவைத் தின்னும் கப்பி மீன்களை விடும்படி நாமும் கூறினோம். டெங்கு பரவும் காலத்தில் தேங்கிய நீரைக் கவனிக்காமல் விடுவது தீங்கு.

இனி அளவுச் சிக்கல். பதினைந்துக்குப் பதினைந்து அடி வெட்டினால் மாதுளை நான்கையும் தியாகம் செய்ய வேண்டியிருந்தது. மூன்றடி ஆழமென்றால் 19,000 லிட்டர் நீர் வேண்டும். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்க ஆகாத ஆழ்துளைக் கிணற்று நீர் தடாகத்திற்கு ஆகும்தான், ஆனால் கோடையில் அதுவும் இறங்கிவிடும். எனவே மூன்று வழிகளை அவர் முன் வைத்தோம். சிறிய தொட்டியே கட்டிச் செம்பால் முகந்து உளூச் செய்வது முதல் வழி. ஒருபுறம் நீர் நுழைந்து மறுபுறம் வெளியேறும்படி அமைத்தால் சிறு தொட்டியும் ஓடும் நீரின் சட்டத்தைப் பெறும்; வெளியேறும் நீர் எலுமிச்சைப் பாத்திக்குப் போகும். இது இரண்டாவது. மூன்றாவது, சதுரத்தை விட்டுவிடுவது. பரப்பு நூறு சதுர முழம் இருந்தால் வடிவம் எதுவாயினும் போதும் என்பதே பெரும்பாலோர் கருத்து. இருபது முழ நீளம், ஐந்து முழ அகலம் என்றால் மதில் ஓரத்திலேயே அடங்கிவிடும்.

அவருடைய சம்பந்தி கீழக்கரைக்காரர், ஷாஃபிஈ. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “எங்களுக்கு ஒரு பேரல் போதுமே, சம்பந்தி! இதற்கா இவ்வளவு யோசனை?” என்று சிரித்தார். மாணவரும் சிரித்தார், ஆனால் மூன்றாவது வழியையே தேர்ந்தார். முப்பதடி நீளம், ஏழரை அடி அகலம், மீனுக்காக இரண்டடி ஆழம்; ஏறக்குறைய 12,700 லிட்டர். கொத்தனார் இம்முறை அடியா முழமா என்று இருமுறை கேட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். மதில் ஓரத்துக் கொய்யா மரம் கோட்டுக்குள் வந்தது. மரத்தை வெட்டவில்லை, கோட்டை அரை முழம் தள்ளிப் போட்டார்கள்.