மனையும் தொழிற்களமும்: திருப்பூர் நகர நிலப்பாகுபாட்டின் வரலாறு

முன்னுரை

ஒரு நகரத்தின் நிலத்தில் எப்பகுதி குடியிருப்புக்கு உரியது, எப்பகுதி வணிகத்துக்கு உரியது, எப்பகுதி தொழிலுக்கு உரியது என வரையறுக்கும் அதிகாரம் இன்று அரசிடம் உள்ளது. அவ்வரையறை வண்ணந் தீட்டிய படமாக வரையப்பெற்றுச் சட்டத்தின் வலிமையைப் பெறுகின்றது. இப்பாகுபாடு தமிழகத்தில் எங்ஙனம் தோன்றியது, பழந்தமிழர் கண்ட நகரப் பாகுபாட்டினின்றும் அஃது எவ்வாற்றான் வேறுபடுகின்றது, பின்னலாடைத் தொழிலால் வளர்ந்த திருப்பூரில் அஃது எவ்வளவிற்குப் பயன்பட்டது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றோடு, நிலத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களும் இடப்பெயர்களும் தரும் சான்றுகளையும் யாம் உடன்வைத்து நோக்குகின்றோம்.

பழந்தமிழ் நகரப் பாகுபாடு

சிலப்பதிகாரம் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டுகின்றது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் அயல்நாட்டு வணிகரும், நறுமணப்பொருள் விற்போரும், நெய்வோரும், கொல்லரும், தச்சரும், தையற்காரரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசவீதியும், பெருவணிகர் மாடங்களும், அந்தணர், உழவர், மருத்துவர் முதலியோர் வாழ்ந்த தெருக்களும் இருந்தன. இரு பாக்கங்களுக்கும் இடையே மரங்களடர்ந்த சோலையில் நாளங்காடி கூடிற்று. இதனைக் காணும் ஒருவர், இக்காலத்துக் குடியிருப்பு மண்டலம், தொழில் மண்டலம் என்னும் பகுப்பு பண்டே நம்மிடம் இருந்தது எனக் கூற முற்படலாம். அதனை யாம் உடன்படுதல் இயலாது. நெய்வோரைக் கூறுமிடத்து அந்நூல் ஆளும் சொல் ‘இருக்கை’ என்பதாம். அது தொழிற்கூடத்தை மட்டும் குறிக்கும் சொல்லன்று. நெய்வோன் உண்டு உறங்கும் இடமும் அவன் தறி நிற்கும் இடமும் ஒன்றேயாக இருந்தமையின், ஒரு சொல்லே இரண்டிற்கும் அமைந்தது. புகார் நகரம் மக்களைத் தொழில்வழி வகுத்ததேயன்றி, மனையையும் தொழிலையும் வேறு வேறாகப் பிரித்ததில்லை.

இதற்குத் துணையாவதொரு சான்று திருப்பூருக்குக் கிழக்கே நொய்யற்கரையிலேயே கிடைத்துள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என வழங்கும் ஊர், இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் என்பது அறிஞர் துணிபு. 1985 முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில், மணிசெய் தொழிலின் மூலக்கற்களும் கழிவுகளும் மக்கள் வாழ்ந்த பகுதியிலேயே கிடைத்தன. வாழ்விடமும் தொழிற்களமும் அங்கும் ஒன்றாகவே இருந்தன எனலாம்.

கல்வெட்டுகளும் இதனையே உணர்த்துகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உள்ள முதல் இராசராசன் கல்வெட்டுகள், இறை நீங்கிய நிலங்களை எண்ணுமிடத்து ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, குளம், சுடுகாடு எனப் பெயர் கூறி வகைப்படுத்துகின்றன. நிலத்தை அதன் பயன் நோக்கி எழுதிவைத்த மிகப் பழைய தமிழ்ப் பதிவுகளுள் இஃது ஒன்றாகும். இவற்றுள் நத்தம் என்னும் சொல் இன்றும் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் வாழ்கின்றது. கம்மாணசேரி என்பது கம்மாளர் வாழும் இடம். அவர்தம் உலைக்களமும் அங்கேயே இருந்திருத்தல் வேண்டும்.

ஆயினும், இப்பழைய முறையை வியந்து பாராட்டுதல் பொருந்தாது. அங்கு நிலத்தைப் பிரித்த கோடு பிறப்பின் கோடாகவே இருந்தது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள கோனேரின்மைகொண்டான் கல்வெட்டொன்று, வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும், வெளியிற் செல்லும்போது காலணி அணியவும், நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும் உரிமை வழங்குகின்றது. தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசுதற்கும் அரசன் ஆணை வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் இருந்த கட்டுப்பாடு எத்தகையது என்பதை நாம் உய்த்துணரலாம். கட்டட ஒழுங்கு கொங்கு நாட்டிற்குப் புதியதன்று. யாருக்காக அவ்வொழுங்கு என்பதே எக்காலத்தும் கேட்கத்தக்க வினாவாகும்.

இடப்பெயர்கள் காட்டும் திருப்பூர்

இனித் திருப்பூரின் இடப்பெயர்களை நோக்குவோம். அவற்றை நான்கு அடுக்குகளாக வகுக்கலாம். வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், கருவம்பாளையம், வாலிபாளையம் எனப் பாளையம் என்னும் ஈறு பெற்றவை முதல் அடுக்கு. இவை வயல்சூழ்ந்த பழங்குடியிருப்புகள். காதர்பேட்டை போலப் பேட்டை என்னும் ஈறு பெற்றவை வணிகத்தின் வளர்ச்சியைக் காட்டும். சென்னையினின்று போத்தனூர் வரை 1862-இல் இருப்புப்பாதை முற்றுப்பெற்ற பின்னர், திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் பருத்தி அரைவை ஆலைகள் நிறைந்த ஊராகவும் வளர்ந்தது. 1917-இல் அது நகராட்சியாயிற்று.

மூன்றாம் அடுக்கே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ஓடக்காடு, பூச்சக்காடு, செரங்காடு, வெள்ளியங்காடு எனக் காடு என்னும் ஈறு கொண்ட பெயர்கள் இன்று நகரின் நடுவிலுள்ள நெருக்கமான பகுதிகளுக்கு வழங்குகின்றன. பிற நாட்டார் இப்பெயர் கேட்டு இவை மரமடர்ந்த வனங்களாக இருந்தன எனக் கருதுதல் கூடும். கொங்கு வழக்கில் காடு என்பது மானாவாரிப் புன்செய் நிலத்தைக் குறிக்கும். ‘காட்டுக்குப் போனார்’ என்றால் உழவு வேலைக்குச் சென்றார் என்பதே பொருள். எனவே இப்பெயர்கள் ஒவ்வொன்றும், உழுத புன்செய் தெருவாக மாறிய வரலாற்றைத் தன்னுள் கொண்டுள்ளது. நிலமுடையார் தத்தம் காட்டை மனைகளாகப் பிரித்து விற்றனர். முன்னம் வண்டித்தடமாக இருந்தது பின்னர்த் தெருவாயிற்று. நான்காம் அடுக்காகிய நகர், காலனி, லேஅவுட் என்பன இதற்குப் பிற்பட்டவை. நகரின் உருவத்தை முதற்கண் வரைந்தது திட்டப்படம் அன்று, காட்டு வரப்பே என்பது இப்பெயர்களால் தெளிவாகின்றது.

சட்டத்தின் வருகை

சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-இல் இந்தியா வந்த பாட்ரிக் கெடிசு என்னும் அறிஞர், மாகாணத்து நகரங்கள் பலவற்றை நேரிற் கண்டு 1915-இல் அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளுதலை அவர் எதிர்த்தார். ஊரின் வாழ்வை அறிந்த பின்னரே அதன் நோய்க்கு மருந்து காணல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இதனையடுத்து 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தீங்கு பயக்கும் தொழில்களையும் பொறி நிறுவும் தொழிற்கூடங்களையும் உரிமம் பெற்றே நடத்துதல் வேண்டும் என விதித்தது.

மேலைநாட்டில் அப்போது வேறொரு கருத்து வலுப்பெற்று வந்தது. நியூயார்க்கு நகரம் 1916-இல் தன் நிலம் முழுவதையும் குடியிருப்பு, வணிகம், கட்டுப்பாடற்றது என வகுத்தது. ஓகையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் ஊர் இயற்றிய இத்தகைய விதி செல்லும் என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. அக்கருத்தை முழுவடிவில் தமிழகத்திற்குக் கொணர்ந்தது 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் எனலாம். 1920-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு சிறு பகுதிகளுக்கு மட்டும் திட்டம் வகுக்க, இச்சட்டம் நகரம் முழுவதற்கும் முழுமைத்திட்டம் வகுத்து, ஒவ்வொரு நிலத்தின் பயனையும் முன்கூட்டியே குறிக்கச் செய்தது. கெடிசு ஊரைக் கண்ட பின் கோடு வரைய விரும்பினார். மண்டல முறையோ கோட்டை முதலில் வரைந்து ஊரை அதனுள் அடக்க முயன்றது.

பனியன் தொழிலும் வீடும்

இக்கோட்டினுள் அடங்காத தொழிலே திருப்பூரில் வளர்ந்தது. 1920-களில் தொடங்கிய பனியன் தொழில் 1970-களுக்குப் பின் ஏற்றுமதியால் பெருகிற்று. இத்தொழிலின் இயல்பு நோக்கத்தக்கது. நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங், சலவை, சாயமேற்றல், கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக் பொறிகளில் தையல், காஜா, பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் எனப் பல படிகளாக அது நிகழும். பெரும்பாலும் ஒவ்வொரு படியும் ஒவ்வொருவரிடம் ஜாப் ஒர்க்காகச் செல்லும். பத்துத் தையற்பொறி உடையவர் ஒருவர் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே பவர்டேபிள் நடத்தலாம். உழவரும் தொழிலாளரும் இவ்வாறு சிறுகச் சிறுக முதலாளிகளான வரலாற்றைச் சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்ஙனம் வீட்டோடு தொழில் நடத்தியதாற் பெற்ற நன்மைகள் மூன்று. தனிக்கட்டட வாடகை இல்லாமையால் சிறுமுதலுடையார் தொழிலில் நுழைய முடிந்தது. பெண்கள் நெடுந்தொலைவு செல்லாது வேலை பெற்றனர். ஒரு படியினின்று அடுத்த படிக்குத் துணி விரைவில் சென்றது. காட்டிற் கட்டிய லைன் வீடுகளின் வாடகை நிலமுடையார்க்கு வருவாயும் ஆயிற்று. தமிழகத்தின் பிற மாவட்டங்களினின்றும், பின்னர் ஒடிசா, பீகார் முதலிய வடபுலங்களினின்றும் வந்த தொழிலாளர் அவ்வீடுகளிலே தங்கினர். யாம் சென்று கண்ட தெருக்களில், கீழே தையற்பொறி ஓசையும் மேலே சமையற்புகையும் ஒருங்கே எழுதலைக் கண்டோம். அக்கட்டடத்தை எவ்வண்ணத்தால் குறிப்பது?

சட்டம் இதற்குக் கண்ட விடை ‘கலப்புக் குடியிருப்பு’ என்னும் வகை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இவ்வகையை ஏற்றுள்ளன. கலப்பு என்னும் சொல்லே இதனை ஒரு விலக்காகக் காட்டுகின்றது. ‘இருக்கை’ என்னும் சொல்லோ இதனை இயல்பாகக் கண்டது. மனைப்பிரிவுகளிலும் சட்டம் பின்தொடர்ந்தே வந்தது. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்தலை 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே, முன்னரே பிரித்து விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. 2008-இல் மாநகராட்சியான திருப்பூர், 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் ஊராட்சிகள் சிலவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொண்டபோது, அங்கெல்லாம் ஊர் முன்னமே எழுந்திருந்தது.

நொய்யல் உணர்த்தும் பாடம்

அவ்வாறாயின் நிலத்தை ஒழுங்குசெய்தல் வேண்டாவோ எனின், நொய்யலாற்றின் வரலாறு வேண்டும் என்றே விடை கூறும். தமிழக அரசு 1989-இல் பிறப்பித்த ஆணை, குறிப்பிட்ட ஆறுகளினின்று ஒரு கிலோமீட்டர் தொலைவிற்குள் பெருமாசு விளைக்கும் தொழில்களைத் தொடங்குதலைத் தடுத்தது. இதுவும் ஒரு நிலப்பாகுபாடே. ஆயின், இது தொழிலின் பெயரை நோக்காது, அதனின்று வெளிப்படுவதை நோக்கியது. இவ்வாணை காக்கப்பெறவில்லை. ஏற்றுமதி பெருகிய 1990-களில் சலவை, சாயப் பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றிற் கலந்தது. 1992-இல் பாசனத்திற்கென நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்நிலத்து உழவர் நீதிமன்றத்தை நாடினர். 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீர் சிறிதும் வெளியேறாநிலையை வற்புறுத்தியது. அஃது ஈடேறாமையால், 2011 சனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பெற்றன. சாயமின்றிப் பனியன் இல்லையாதலின், தையலாளரும் வேலையிழந்து வருந்தினர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வீட்டு முன்னறையில் ஓடும் தையற்பொறியும் ஆற்றங்கரையிற் கொதிக்கும் சாயத்தொட்டியும் சட்டத்தின் பொதுச்சொல்லில் ‘தொழில்’ என்னும் ஒரே பெயர் பெற்றன. முன்னதைக் குடியிருப்பினின்று பிரிக்க முயன்றது வீண் முயற்சி. பின்னதை ஆற்றினின்று பிரிக்காமை பெருங்கேடு. பிரிக்கவேண்டாததைப் பிரிக்க விதி இருந்தது; பிரிக்கவேண்டியதைப் பிரிக்க இருந்த விதி உறங்கிற்று.

வீட்டுத் தையற்கூடத்திலும் தீயச்சம், இரைச்சல், நெரிசல் உண்டே என்பார்க்கு யாம் கூறுவது, அவற்றையும் வெளிப்பாடு என்றே கொண்டு அளந்து கட்டுப்படுத்துக என்பதாம். கழிவுப்பஞ்சு குவியும் கூடமும், இரவெல்லாம் இரையும் பின்னற்பொறியும், கொதிகலனும் அயலாரைத் தாக்கும் அளவில் வேறுபடும். அவ்வேறுபாடே விதிக்கு அடிப்படையாதல் வேண்டும். இனி, ஈட்டிவீரம்பாளையத்து நேதாசி ஆயத்த ஆடைப் பூங்கா போன்ற தனித் தொழிற்பூங்காக்கள் பெருநிறுவனங்களுக்குப் பயன்படுவன. ஆயின் தொழிலை நகர்த்துவோர் தொழிலாளரின் குடியிருப்பையும் உடன் எண்ணுதல் வேண்டும். அன்றேல் பிரிவினையின் செலவைப் பேருந்திற் கழியும் தம் பொழுதால் ஈடுசெய்வோர் தொழிலாளரே ஆவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பழந்தமிழ் நகரம் மக்களை வகுத்தது. மனையையும் தொழிலையும் பிரித்ததில்லை. பிறப்புவழிப்பட்ட அவ்வகுப்பு இன்று கொள்ளத்தக்கதன்று. இருபதாம் நூற்றாண்டுச் சட்டம் பிறப்பை நீக்கி நிலத்தின் பயனை நோக்கியது. அஃது ஒரு பெரும் முன்னேற்றமாகும். எனினும் பயனைப் பெயரால் அளந்தமையின், திருப்பூர் போன்ற ஊரின் இயல்பை அஃது அறியத் தவறிற்று. ஒரு தொழில் தன் அயலாருக்கும் ஆற்றுக்கும் எதனை வெளிவிடுகின்றது என்பதே அதன் இடத்தை வரையறுக்கும் அளவுகோலாதல் வேண்டும் என்பது எம் துணிபு. கோயமுத்தூர், கரூர், ஈரோடு முதலிய பிற கொங்கு நகரங்களின் இடப்பெயர்களையும் நத்தப் பதிவேடுகளையும் இவ்வாறு ஒருங்குவைத்து ஆராயின் இக்கருத்து மேலும் தெளிவுபெறும். அப்பணி இளம் ஆய்வாளரை நோக்கி நிற்கின்றது.