இடம் மாறிய கோபுரம்

ஸ்பெயின் நாட்டின் டொலேடோ நகரை வடக்கே நின்று நோக்கி, அதன் கிழக்குப் பகுதியை மட்டும் ஒரு சட்டத்துக்குள் அடக்கினால், நகரின் பேராலயம் அச்சட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். குன்றின் உச்சியில் அல்காசர் என்னும் அரச மாளிகைதான் தலைநிமிர்ந்து தெரியும். ஆயினும் 1599-1600 அளவில் எல் கிரேக்கோ தீட்டிய ‘டொலேடோவின் தோற்றம்’ என்னும் ஓவியத்தில், பேராலயத்தின் கோபுரம் அல்காசருக்கு இடப்புறம் எழுந்து நிற்கிறது. அவ்விடத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை. ஓவியரோ அந்நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். அப்பேராலயத்துக்கே ஓவியம் தீட்டிக் கொடுத்தவர். எனவே அறியாமல் செய்த பிழை என்று இதனைத் தள்ளிவிட இயலாது.

மூல ஓவியம் 1929 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. நாம் அதை அச்சுப்படிகளிலும் கணினித் திரையிலுமே கண்டவர்கள். அப்படிப் பார்க்கும்போதும் முதலில் நம்மைத் தாக்குவது நகரமன்று, வானமே. கருநீல மேகங்கள் கிழிந்து வெண்மை பீறிடுகிறது. அந்த ஒளி பட்ட குன்றுகள் பச்சையாக விழித்தெழ, கட்டடங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் எலும்பைப் போல் வெளிறி நிற்கின்றன. கீழே தாஹோ ஆறும் அதன்மேல் அல்காந்தரா பாலமும். ஆற்றருகே மனிதர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிகிறார்கள். வானம் இருண்டதை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை.

எல் கிரேக்கோ என்பது இயற்பெயரன்று; ‘கிரேக்கன்’ என்று பொருள்படும் பட்டப்பெயர். தொமெனிகோஸ் தியோடோகோபுலோஸ் 1541-இல், வெனிஸ் அரசின் ஆட்சியிலிருந்த கிரீட் தீவில் பிறந்தார். அங்கே பைசாந்திய மரபில் திருவுருவங்கள் எழுதப் பழகி, பின் வெனிசிலும் ரோமிலும் தொழில் தேர்ந்து, 1577-இல் டொலேடோ வந்து சேர்ந்தார். அவர் நாடியது அரசரின் ஆதரவு. எஸ்கோரியல் மடத்துக்காக இரண்டாம் பிலிப் பணித்தபடி புனித மொரீசியசின் உயிர்த்தியாகத்தை வரைந்து 1582-இல் ஒப்படைத்தார். அது அரசருக்குப் பிடிக்கவில்லை. பீடத்துக்கு வேறொருவரின் ஓவியம் வந்தது. டொலேடோ பேராலயத்துக்கு வரைந்த ஓவியத்திலும் விலை குறித்து வழக்காடவே நேர்ந்தது. அதே 1582-இல், மதவிசாரணை மன்றத்தின்முன் நிறுத்தப்பட்ட ஒரு கிரேக்கருக்கு மொழிபெயர்ப்பாளராக அவர் அமர்ந்ததும் பதிவாகியுள்ளது. இறுதிவரை தம் ஓவியங்களில் கிரேக்க எழுத்திலேயே கையொப்பமிட்டார். டொலேடோ ஓவியத்தின் கீழ் மூலையிலும் அக்கையொப்பமே உள்ளது. நகரம் அவரை ‘கிரேக்கன்’ என்றது. அவரும் அதை மறுக்கவில்லை.

அந்த நகரமும் அப்போது தன் பழம்பெருமையில்தான் காலூன்றி நின்றது. விசிகோத்தியரின் தலைநகராயிருந்து, 711-இல் அரபியர் வசமாகி, 1085-இல் ஆறாம் அல்போன்சோவால் கைப்பற்றப்பட்டது டொலேடோ. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபு மொழியிலிருந்த வானியலும் மருத்துவமும் இலத்தீனுக்குப் பெயர்ந்த இடங்களுள் தலையாயது அதுவே. 1492-இல் யூதர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய பழைய தொழுகைக்கூடம் நின்ற பகுதியில்தான் பின்னாளில் ஓவியர் குடிக்கூலிக்கு இருந்தார். ஐந்தாம் சார்லஸ் அல்காசரைப் புதுப்பித்துக் கட்டத் தொடங்கினார். ஆனால் அவர் மகன் இரண்டாம் பிலிப் 1561-இல் அரசவையைச் சுமார் எழுபது கிலோமீட்டர் வடக்கேயுள்ள மாட்ரிட்டுக்குக் கொண்டுசென்றார். அவையோடு பிரபுக்களும் அவர்களை நம்பி வாழ்ந்த தொழில்களும் மெல்லப் பெயர்ந்தன. மாளிகை எஞ்சியது, அரசர் இல்லை. நகரத்தில் குறையாமல் நின்ற அதிகாரம் ஸ்பெயினின் தலைமைப் பேராயரின் பீடம் மட்டுமே.

கோபுரம் இடம் மாறியதன் காரணத்தை இவ்விடத்தில்தான் தேட வேண்டும் என்பது நம் எண்ணம். உள்ளதை உள்ளபடி வரைந்திருந்தால், வானத்தை முட்டி நிற்பது ஆளில்லாத அரண்மனை ஒன்றாகவே இருந்திருக்கும். ஓவியம் குடிபோன வீட்டின் படமாகியிருக்கும். கோபுரத்தைக் கொணர்ந்து அருகில் நிறுத்தியதும் நகரம் மீண்டும் நகரமாகிறது. இடக்கோடியில் சான் செர்வாந்தோ கோட்டைக்குக் கீழே, மேகம் போன்ற ஒன்றின்மேல் சில கட்டடங்கள் மிதப்பதையும் காண்கிறோம். நகரின் காவற்புனிதர் இல்தெபோன்சோ தங்கிய பழைய மடத்தை அது குறிப்பதாகக் கொள்வாருண்டு. அது சரியெனில், அழிந்துபோன ஒன்றையும் ஓவியர் மீட்டுக் கொணர்ந்திருக்கிறார்.

உள்ளபடி வரைந்தவர்கள் இல்லாமலில்லை. பிலிப் அரசரே அந்தோன் வான் டென் வைன்கேர்டே என்ற பிளமிய ஓவியரை அமர்த்தி ஸ்பானிய நகரங்களை வரையச் செய்தார். 1563-இல் அவர் வரைந்த டொலேடோவில் மதிலும் மாடமும் தத்தம் இடத்தில் உள்ளன. வரலாறு எழுதுவோர்க்கு அது பெருஞ்செல்வம். நாமும் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரசவை பிரிந்த இரண்டாம் ஆண்டில் வரையப்பட்ட அந்தப் படத்தில், பிரிந்ததன் சுவடு தெரிவதில்லை. எந்தக் கட்டடமும் இடம்பெயரவில்லையே!

எல் கிரேக்கோவின் வானத்துக்கு விளக்கங்கள் பல. ஞானியரின் இருண்ட இரவு என்பார் ஒருசாரார். அவருடைய நீண்டு மெலிந்த உருவங்களைக் கண்டு, பார்வைக் கோளாறே காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டோரும் உண்டு. பார்வை கோணினால் எதிரில் உள்ள துணியும் அதே அளவு கோணித்தானே தெரியும் என்ற எளிய கேள்விக்கு அவ்வாதம் நிற்பதில்லை.

ஓவியரே தம் கட்சியை எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் வியப்பு. 1610-ஐ ஒட்டி அவர் வரைந்த ‘டொலேடோவின் தோற்றமும் வரைபடமும்’ இன்றும் அந்நகரிலேயே, அவர் பெயரிலமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்புறம் ஓர் இளைஞன் நகரின் வரைபடத்தை விரித்துப் பிடித்திருக்கிறான். மதிலுக்கு வெளியே இருந்த தவேரா மருத்துவமனையோ ஒரு மேகத்தின்மேல் அமர்ந்திருக்கிறது! அந்த வரைபடத்தின் மீதே விளக்கக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. அதன் சாரம் இது: மருத்துவமனை இருந்தபடி இருந்தால் பிசாக்ரா வாயிலை மறைக்கும், அதன் குவிமாடம் நகரத்துக்கு மேல் எழும்பித் தோன்றும், ஆதலால் அதனைத் தனியே எடுத்து, முகப்புத் தெரியுமாறு திருப்பி வைக்க வேண்டியதாயிற்று, மெய்யான இடம் வேண்டுவோர் வரைபடத்தில் கண்டுகொள்க. ஒளிந்து மறைந்து செய்த மாற்றமன்று. அளவையும் திசையையும் வரைபடத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஓவியத்தின் கையை அவர் கட்டவிழ்த்துவிடுகிறார். அம்மருத்துவமனையின் நிர்வாகியும் வரலாற்றறிஞருமான பெத்ரோ சலசார் தெ மெந்தோசாவுக்காக இது வரையப்பட்டிருக்கலாம் என்பர். தம் கட்டடம் மேகமேறியதை அவர் எப்படிக் கண்டார் என்று நினைத்துப் பார்க்கையில் நமக்குச் சற்றே புன்னகை வருகிறது.

வரைபடம் இல்லாத முந்தைய ஓவியத்துக்கும் இந்தக் குறிப்பையே உரையாகக் கொள்ளலாமா? பத்தாண்டு கழித்து எழுதிய காரணத்தை முன்னையதன்மேல் ஏற்றுவது முறையன்று என்பவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் வேலை செய்தது ஒரே கைதான் என்ற அளவோடு நாம் நின்றுகொள்கிறோம். நிலக்காட்சியைத் தனிப்பொருளாக வரைவது ஸ்பெயினில் அரிதாயிருந்த காலம் அது. வாங்குவோர் இன்னார் என்று தெரியாத ஒன்றை, விலைக்காக ஓயாது வழக்காடிய ஒருவர் வரைந்திருக்கிறார். அவர் மறைந்தபின் மகன் ஜோர்ஜ் மனுவேல் எடுத்த பொருட்பட்டியல்களில் டொலேடோ காட்சிகளும் காணப்படுகின்றன.

கடைசி ஆண்டுகளில் அவர் வரைந்த ‘லாவோகூன்’ இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ட்ராய் நகரத்து மரக்குதிரையை நம்பாதீர் என்று எச்சரித்த பூசாரியும் அவன் மைந்தரும் பாம்புகளால் மாளும் கதை அது. பின்னணியில் ட்ராய் இருக்க வேண்டிய இடத்தில் டொலேடோ இருக்கிறது. ட்ராய் வழியினரே அந்நகரை நிறுவினர் என்றொரு பழங்கதை உண்டென்பதால் வரைந்தாரோ, பழகிய குன்று கையோடு வந்துவிட்டதோ. 1614 ஏப்ரல் 7-இல் அவர் இறந்தார். ஓவியத்தில் குதிரை நகரை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. அது நெருங்குகிற வாயில், முன்பு மருத்துவமனையை மேகத்தில் ஏற்றி அவர் மறையாமல் காத்த அதே பிசாக்ரா வாயில்.